எந்த நாடகத்தை எடுப்பது?

குழு சேர்ந்துவிட்டது. ஒத்திகைக்குச் சங்கக் கட்டடத்தின் மாடியோ பள்ளிக்கூடத் தாழ்வாரமோ கிடைத்துவிட்டது. இனிமேல்தான் கஷ்டமான கேள்வி வருகிறது: எந்த நாடகம்?

புதுக் குழுக்கள் பெரும்பாலும் தலைப்பை வைத்தே இதற்கு விடை தேடுகின்றன. எண்ணூரில் போடுகிறோமா, மாசு பற்றி ஒன்று. காசிமேட்டில் போடுகிறோமா, மீனவர் துயரம் பற்றி ஒன்று. திருவொற்றியூரில் கம்பெனி வாசலில் போடுகிறோமா, ஒப்பந்தத் தொழிலாளி பற்றி ஒன்று. நோக்கம் நல்லதுதான். ஆனால் இப்படித் தேர்ந்தெடுத்த நாடகம் பத்தாவது நிமிடத்திலேயே கூட்டத்தை இழந்துவிடுகிறது. ஏன் என்பதை எண்ணூர் காட்டுக்குப்பத்தில் ஒரு வாசிப்பின்போது ஓர் அக்கா பளிச்சென்று சொன்னார். கழிமுகத்தில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்துப் பழகியவர் அவர். அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஆற்றில் கலக்கும் கதையை ஓர் இளைஞர் உருக்கமாக வாசித்துக்கொண்டிருந்தார். பாதியிலேயே அக்கா நிறுத்தினார்.

“தம்பி, ஆத்துல சாம்பலு நிக்கிது, எறாலு இல்லன்னு எங்களுக்கே சொல்றியா? அது எனுக்குத் தெரியாதா? அத்தக் கேக்கப் போனா அங்க இன்னா சொல்றாங்க, அதுக்கு நாங்க இன்னா சொல்லணும், அத்தப் போட்டுக் காட்டு.”

“சரிக்கா, அத்தயே போடுறோம்” என்று இளைஞர் பிரதியை மூடிவைத்தார்.

இந்த அத்தியாயம் முழுக்க அந்த அக்கா சொன்னதன் விரிவுதான். பார்க்க வருகிறவருக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்தில் முடிகிற நாடகத்தை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் தொடங்குகிற நாடகத்தைத் தேடுங்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது அதை வாளியில் அள்ளியவர்கள் உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்ததையும், அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்து நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் அவர்கள் உடம்பு மறக்கவில்லை. அவர்கள் முன்னால் நின்று “ஐயகோ, மாசு!” என்று நாம் கதறுவது மரியாதையாகாது.

எவ்வளவு நேரம், எந்த நேரம்

பதினைந்து நிமிடம் முதல் அரை மணி வரை. அதற்கு மேல் முதல் வருடத்தில் வேண்டாம். வேலை முடிந்து வருகிற மனிதரிடம் நாம் கேட்கக்கூடிய நேரம் அவ்வளவுதான்.

காசிமேட்டில் இரவு ஒன்பது மணிக்கு நாடகம் போட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். விடியுமுன்பே ஏலத்துக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள். திருவொற்றியூரில் ஷிப்டு மாறும் வேளையைப் பார்க்க வேண்டும். உள்ளே போகிறவருக்கு நிற்க நேரமில்லை. வெளியே வருகிறவருக்கு வீட்டு நினைப்பு. கம்பெனி வாசலில் ஐந்து நிமிட அறிவிப்புப் பாட்டோடு நிறுத்திக்கொண்டு, நாடகத்தை அவர்கள் குடியிருக்கும் தெருவுக்குக் கொண்டுபோவதுதான் நல்லது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். கையில் காசு இல்லாத காலமும் அதுவே. எனவே அந்த இரண்டு மாதத்தில் உண்டியல் குலுக்காதீர்கள். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள், மே தினம், ஆடியில் கூழ் ஊற்றும் நாட்கள் என்று தெருவில் மைக் செட்டும் பந்தலும் தயாராக இருக்கும் இரவுகள் இங்கே ஏராளம். விழாக் குழுவிடம் முன்கூட்டியே பேசினால், பாட்டுக் கச்சேரிக்கு முன்பு அரை மணி நேரம் தருவார்கள்.

இரைச்சலையும் கணக்கில் எடுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் ஓடுகின்றன, கடற்காற்று வேறு. கிசுகிசுப்பிலும் பெருமூச்சிலும் உயிர் வாழ்கிற நாடகம் இங்கே செத்துப்போகும். பறையும் கூட்டுக்குரலும் உடலும் பேசுகிற நாடகம் நிற்கும். பிரதியைக் கையில் எடுத்ததும் இதை முதலில் பாருங்கள்: வசனத்தில் பாதியைக் காற்று அடித்துக்கொண்டு போனாலும் கதை புரியுமா?

முதலில் இதை எடுங்கள்: ‘மெஷின்’

புதுக் குழு எதுவானாலும் நான் முதலில் நீட்டுவது இந்த நாடகத்தைத்தான். டில்லியின் ஜன நாட்டிய மஞ்ச் 1978இல் உருவாக்கியது. சஃப்தர் ஹஷ்மியும் ராகேஷ் சக்சேனாவும் எழுதியது. சுமார் 13 நிமிடம். மேடை வேண்டாம், விளக்கு வேண்டாம், உடுப்பு வேண்டாம். காஜியாபாத்தில் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்கள் கேட்டது இரண்டே இரண்டு: சைக்கிள் நிறுத்த ஓர் இடம், தேநீர் குடிக்க ஒரு கேன்டீன். அதற்குக் கிடைத்த பதில் துப்பாக்கிச் சூடு. இந்தச் செய்தியிலிருந்துதான் நாடகம் பிறந்தது.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஐந்தாறு பேர் வட்டத்துக்குள் வந்து, ஒருவரோடு ஒருவர் கையும் தோளும் கோத்து ஓர் இயந்திரமாகிறார்கள். ஒருவர் கை பிஸ்டன்போல் முன்னும் பின்னும் போகிறது, இன்னொருவர் இடுப்பிலிருந்து சுழல்கிறார், மூன்றாமவர் வாயாலேயே நீராவி விடுகிறார். ஓசை ஏறுகிறது. வேடிக்கை பார்க்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். திடீரென்று இயந்திரம் நிற்கிறது. ஒரு கதைசொல்லி வந்து, ஏன் நின்றது என்று கேட்கிறார். ஒவ்வொரு உறுப்பும் மனிதனாக மாறி வெளியே வருகிறது: தொழிலாளி, காவலாளி, முதலாளி. அத்தனை பேரும் ஒரே இயந்திரத்தின் பாகங்கள் என்பதை யாரும் வாயால் விளக்க வேண்டியதில்லை. முதல் ஒரு நிமிடத்திலேயே கண்ணால் பார்த்தாகிவிட்டது.

அசோக் லேலண்டும் எம்.ஆர்.எஃப்பும் ராயல் என்ஃபீல்டும் வளர்ந்த இந்தப் பகுதியில் அந்த அசைவுகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் குழுவில் லேத்தில் நின்றவர் ஒருவர் இருந்தால் ஒத்திகையை அவரிடமே விடுங்கள். சைக்கிள் ஸ்டாண்டை மாற்ற வேண்டும் என்றும் தோன்றும். கம்பெனி பஸ்ஸில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு பக்கம், ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறு பக்கம் என்று வைக்கலாம்; கேன்டீனில் இரண்டு தட்டு என்று வைக்கலாம். கோரிக்கை சின்னதாகவே இருக்கட்டும். சின்னக் கோரிக்கைக்குப் பெரிய பதில் வருவதில்தான் இந்த நாடகத்தின் உயிர் இருக்கிறது. அதைச் சம்பள உயர்வாக, புரட்சியாக ஊதிப் பெரிதாக்கினால் வெறும் மேடைப்பேச்சாகிவிடும்.

ஹஷ்மி 1989 ஜனவரி 1 அன்று, சாகிபாபாத் அருகே ஜண்டாபூரில் ‘ஹல்லா போல்’ நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். வயது 34. ஜனவரி 4 அன்று அவர் மனைவி மாலாஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய் அந்த நாடகத்தை முடித்தார்கள். குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். தெருவில் நாடகம் போடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்துகொண்டு வட்டத்துக்குள் வரட்டும்.

நம் மொழியில் எழுதுகிறவர்கள்

தமிழில் தெருவுக்கென்றே எழுதியவர்களில் பிரளயனை முதலில் படியுங்கள். 1984இல் தொடங்கிய சென்னைக் கலைக்குழுவின் நாடகங்கள் பெரும்பாலும் நடிகர்களோடு சேர்ந்து செதுக்கப்பட்டவை. தெருமுனையில் நின்று கூட்டம் கலைகிற இடத்தையும் இறுகுகிற இடத்தையும் பார்த்துத் திருத்தப்பட்டவை. அந்த அனுபவம் வசனத்தில் தெரியும். வாக்கியம் குட்டையாக இருக்கும், ஒரே செய்தி இரண்டு விதமாக வரும், லாரி கத்திவிட்டுப் போனாலும் இழை அறுந்துபோகாது. பெண்கள்மீதான வன்முறையைப் பேசும் ‘முற்றுப்புள்ளி’யை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் உள்ள தெருக்களுக்குப் பரிந்துரைப்பேன். ஆண்களும் நின்று பார்க்கிற இடமாக, டீக்கடை முனையாகப் பார்த்துப் போடுங்கள். பெண்களை மட்டும் கூடத்துக்குள் கூட்டிவைத்து இதைப் போடுவதில் பயனில்லை.

அடுத்தது ‘மொளகாப்பொடி’. பாமாவின் சிறுகதை, ஸ்ரீஜித் சுந்தரத்தின் இயக்கத்தில் கட்டியக்காரி குழு நாடகமாக்கியது. புல்லறுக்க வரும் தலித் பெண்கள்மீது மிளகாய்ப்பொடியைத் தூவுகிற ஒரு நிலக்காரியும், அதற்கெல்லாம் அசராத அந்தப் பெண்களும் இதில் வருகிறார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்தப் பெண்களின் சிரிப்பு. ஒடுக்கப்பட்டவர் மேடையில் வந்தால் அழத்தான் வேண்டும் என்று நம் நாடகக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். பாமாவின் பெண்கள் கேலி பேசுவார்கள், ஏசுவார்கள், எதிரியின் நடையை நடந்து காட்டுவார்கள். ராயபுரத்துக் குழாயடியில் நின்று பழகிய பெண்களுக்கு இந்த நாவன்மை கைவந்த கலை. மூலத்தின் தென்மாவட்டப் பேச்சை அப்படியே வைத்துக்கொள்வதா, நம் பேச்சுக்கு மாற்றுவதா என்ற கேள்வி எழும். மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். வடசென்னையில் தெற்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. அந்தப் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும் பாட்டிகள் உண்டு.

பத்திரிகையாளர் ஜெயராணி எழுத, அதே இயக்குநரின் கையில் 2017இல் மேடை கண்ட ‘மஞ்சள்’, கையால் மலம் அள்ளும் கொடுமை பற்றிய பாஷா சிங்கின் நூலை அடிப்படையாகக் கொண்டது. முழு நாடகம் புதுக் குழுவுக்குத் தாங்காது. ஆசிரியரின் அனுமதியோடு ஒரு காட்சியை மட்டும் எடுத்துச் செய்யலாம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வேலையை முற்றாகத் தடைசெய்கிறது. சாக்கடைக் குழிக்குள் ஆள் இறங்கிச் செத்த செய்தி அதன் பிறகும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நாடகம் முடிந்ததும் பேசுவதற்குச் சட்டம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். அவரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது.

மீனவர் குப்பங்களுக்கு என்ன போடலாம் என்று பலரும் கேட்கிறார்கள். இதற்கு நான் காட்டுவது ஈழத்து மஹாகவியின் ‘புதியதொரு வீடு’. புதியது என்று சொல்ல முடியாது. மஹாகவி 1971இலேயே காலமாகிவிட்டார். ஆனாலும் இன்றைய எழுத்து பலவற்றைவிட இளமையானது. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. இறந்துவிட்டான் என்று ஊர் முடிவு செய்ய, காலம் போகிறது. அவன் மனைவி அவனுடைய தம்பியோடு புது வாழ்க்கை தொடங்குகிறாள். பிறகு ஒருநாள் அவன் வந்து நிற்கிறான். யார்மேலும் குற்றமில்லை. இப்படி ஒரு முடிச்சை முன்னால் வைத்தால், கடலோரத்தில் யாரையும் உட்காரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. 2017இல் ஒக்கி புயலில் குமரிக் கரையில் எத்தனை குடும்பங்கள் உடலும் கிடைக்காமல், நம்பிக்கையும் விடாமல் காத்திருந்தன என்பதைக் காசிமேட்டில் தெரியாதவர் இல்லை. நாடகம் பாநாடகம், முழுதும் நீளம். திரும்பி வருகிற காட்சியை மட்டும் எடுங்கள். முன்கதையை ஒருவர் வலை பின்னிக்கொண்டே சொல்லட்டும். யாழ்ப்பாணத் தமிழ் முதலில் தயக்கம் தரும். மூன்று முறை சத்தமாக வாசித்தால் அதன் சந்தம் நாக்கில் ஏறிவிடும்.

பெண்கள் மட்டும் உள்ள குழு என்றால் இன்குலாபின் ‘ஔவை’யைப் பாருங்கள். அ. மங்கை மேடையேற்றியது. பள்ளிப் பாடத்தில் கோல் ஊன்றி வரும் கிழவி இதில் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பாடும், அரசனோடு சரிக்குச் சரி பேசும் பாணர்குலப் பெண் இருக்கிறாள். கானா தெரிந்த ஒரு பெண் உங்களிடம் இருந்தால் அந்தப் பாத்திரத்தை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கு வேலு சரவணன். புதுச்சேரியில் ஆழி குழுவை நடத்துகிறவர். அவருடைய ‘கடல் பூத’த்தில் பார்க்கிற பிள்ளைகளும் நாடகத்துக்குள் இழுக்கப்படுவார்கள். அதை எழுத்தில் படித்துச் செய்வதைவிட ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது.

இப்போதைக்குத் தள்ளிவைக்க வேண்டியவை

ந. முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’, ‘சுவரொட்டிகள்’ நவீன தமிழ் நாடகத்தின் ஆணிவேர்கள். 1977இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறை எத்தனையோ நடிகர்களை உருவாக்கியது. ஆனால் அந்தப் பிரதிகளின் வசனம் சுற்றிச் சுற்றி வரும். பொருள் சொல்லில் இருப்பதைவிட உடலிலும் தாளத்திலும் இருக்கும். இரண்டு வருடமாவது உடற்பயிற்சியும் கூத்தின் அடவும் பழகிய குழு தொட வேண்டியவை அவை. முருகபூபதியின் மணல்மகுடி நாடகங்களும் அப்படியே. பார்க்கப் போங்கள், கட்டாயம் போங்கள். போட்டுப் பார்க்க அவசரப்பட வேண்டாம்.

சிட்னியில் 2002இல் தொடங்கிச் சென்னைக்கும் வந்த ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’ விழாவால் பத்து நிமிட நாடகம் என்ற வடிவம் இங்கே பழக்கமானது. அதற்காக எழுதப்பட்ட பலவும் சோபா போட்ட வரவேற்பறையில் நடப்பவை, இருட்டிய அரங்கத்துக்காக எழுதப்பட்டவை; தெருவில் எடுபடா. ஆனால் பத்து நிமிடத்தில் ஒரு மனிதரை அறிமுகப்படுத்தி, ஒரு சிக்கலில் மாட்டி, ஒரு முடிவுக்குத் தள்ளும் சிக்கனத்தை உங்கள் குழுவில் எழுதுகிறவர் அவசியம் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு வகையை மட்டும் கையாலும் தொடாதீர்கள். கழுத்தில் கைக்குட்டை, கையில் கத்தி, வாயில் ‘மச்சி’ என்று வடசென்னைக்காரனை வரவழைத்துச் சிரிக்கவைக்கிற நாடகம். சினிமா இதைப் போதும் போதும் என்கிற அளவுக்குச் செய்துவிட்டது. 1918இல் மதராஸ் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய பெரம்பூர் மில் தொழிலாளிகளின் பகுதி இது; அவர்கள் பேசிய மொழி இது. அந்த மொழி நகைச்சுவைக்கு மட்டுமே வருகிற பிரதி, எவ்வளவு பெரிய பெயருள்ளவர் எழுதியதானாலும், வேண்டாம்.

இன்னும் எழுதப்படாத நாடகம்

அச்சில் இருப்பது போதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். சென்னையில் இன்று எழுதுகிற நாடகாசிரியர்களுக்குப் பஞ்சமில்லை; அவர்கள் நாடகங்கள் நுங்கம்பாக்கம் அலியான்ஸ் ஃபிரான்சேஸிலும் தென்சென்னையின் சிறு அரங்குகளிலும் நடக்கின்றன. காட்சி முடிந்ததும் நேரே போய்ப் பேசுங்கள். “எங்க ஏரியாவுக்கு ஒரு நாடகம் எழுதிக் கொடுங்க” என்று மொட்டையாகக் கேட்காமல், கையில் ஏதாவது கொண்டுபோங்கள்: நடிக்க எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, பாடத் தெரிந்தவர் யார், போடப்போகிற தெருவின் அகலம் என்ன, அந்தத் தெருவில் இப்போது ஓடுகிற பேச்சு என்ன. ஒருநாள் அவரை அழைத்துவந்து வலைக் கொட்டகையிலோ சங்க ஆபீசிலோ உட்காரவையுங்கள். பேச வேண்டாம், கேட்கட்டும்.

காட்டுக்குப்பத்து அக்கா கேட்ட நாடகத்துக்கு ஒரு வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. பிரேசிலின் அகஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கு. சிக்கல் முற்றும் இடத்தில் நாடகம் நின்றுவிடும். பார்ப்பவரில் ஒருவர் எழுந்து வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, தான் என்ன செய்வேன் என்று நடித்துக் காட்டுவார். வங்கத்தில் ஜன சன்ஸ்கிருதி அமைப்பு பல பத்தாண்டுகளாகக் கிராமங்களில் இதைச் செய்துவருகிறது. எண்ணூருக்கு இப்படி ஒன்று எழுதச் சொன்னால், கருத்துக்கேட்புக் கூட்டத்தைக் காட்சியாக வையுங்கள். மேசைக்குப் பின்னால் அதிகாரி, முன்னால் மைக். ‘உங்க கருத்தைப் பதிவு பண்ணிட்டோம், அடுத்தவங்க வாங்க’ என்று அவர் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். மைக்கை யார் வந்து வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அதிகாரியாக நடிப்பவர்தான் இதில் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். எதிரே வருகிறவர் எதைச் சொன்னாலும் சட்டம் பேசி மடக்கத் தெரிந்தவராக, சுலபமாகத் தோற்காதவராக இருக்க வேண்டும்.

அனுமதியும் உரிமையும்

எம்.ஆர். ராதா காலத்தில் கொண்டுவரப்பட்ட 1954ஆம் ஆண்டு நாடக நிகழ்த்துதல் சட்டத்தின்படி, நாடகப் பிரதியைப் போலீசிடம் காட்ட வேண்டும் என்ற நடைமுறை நெடுங்காலம் இருந்தது. பரீக்ஷா குழுவை 1978இல் தொடங்கிய ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று அறிவித்தது. யாராவது “ஸ்கிரிப்ட்டைக் கொடு, படிச்சுப் பார்த்துதான் பர்மிஷன்” என்றால் இந்தத் தீர்ப்பைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். ஒரு நகல் கையோடு இருக்கட்டும். பொது இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி வாங்குவது வேறு விஷயம். அதை வழக்கம்போல் எழுதிக்கொடுத்து வாங்கத்தான் வேண்டும். குப்பங்களில் ஊர் நிர்வாகிகளைப் பார்த்துச் சொல்லாமல் பறையைத் தூக்காதீர்கள்.

எழுதியவரின் உரிமை பற்றி ஒரு வார்த்தை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கட்டணம் வாங்காமல் தொழில்முறையல்லாத குழு நடத்தும் நாடகத்துக்கு விலக்கு தருகிறது. அது இருப்பதை அப்படியே நடத்துவதற்குத்தான். வெட்டினால், மாற்றினால், சிறுகதையை நாடகமாக்கினால் அனுமதி வேண்டும். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, எழுதியவரைக் கேளுங்கள். எந்தத் தெருவில், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுதி, இயன்ற தொகையை, ஐந்நூறு ரூபாயானாலும், கவரில் வைத்துக் கொடுங்கள். நோட்டீசில் நாடகாசிரியர் பெயரை நன்கொடையாளர் பெயருக்கு மேலே போடுங்கள். முதல் காட்சிக்கு அவரை நேரில் அழையுங்கள். விம்கோ நகர் வரை மெட்ரோ வருகிறது, நிலையத்திலிருந்து கூட்டிவர ஒருவரை அனுப்பிவையுங்கள்.